பெரியப்பாவின் பி.எஸ்.ஏக்கு ஒரு காபரேற்றர்

ரயில் கேற் விழுந்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். கொக்குவிலில் யாழ்தேவிக்காக நிற்கிற அந்த நாலு நிமிடத்தில் மற்ற எல்லாரும் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டுக் கைபேசியைப் பார்ப்பார்கள். நான் மட்டும் வலது கையால் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கிக்கொண்டே நிற்பேன். கையை விட்டால் எஞ்சின் நின்றுவிடும். நின்றால் அந்தச் சூட்டில் திரும்ப எடுக்காது. வேறு சில நாள், கையை முழுதாக விட்ட பிறகும் எஞ்சின் தானாக ஏறி அலறும். கேற் திறந்ததும் பின்னால் ஹோர்ன் அடிப்பார்கள். நான் வியர்க்க வியர்க்கக் கிக்கரை உதைத்துக்கொண்டிருப்பேன்.

வண்டி பெரியப்பாவுடையது. 1956ஆம் ஆண்டு பி.எஸ்.ஏ ஏ10 என்ற ஆங்கில மோட்டார் சைக்கிள், கோல்டன் ஃபிளாஷ். 646 சி.சி., இரண்டு சிலிண்டர், இரண்டுக்கும் காற்றையும் பெற்றோலையும் கலந்து கொடுக்க ஒரே ஒரு காபரேற்றர். நில அளவையாளராக இருந்த பெரியப்பா அதைக் கொழும்பில் வாங்கினார். சிங்கள ஸ்ரீ எழுத்துப் போட்ட இலக்கத்தகடு 1957இல்தான் வந்தது. ஊரெல்லாம் எதிர்ப்புக் காட்டி ஸ்ரீக்குத் தார் பூசியபோது தன் தகட்டில் தார் பூச ஒன்றும் இருக்கவில்லை என்று சொல்லிச் சிரிப்பார். 1990இல் வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்த பிறகும் வண்டி ஓடியது. பற்றரியும் தடைப்பட்டியலில் இருந்த காலம் அது. ஆனால் இந்த வண்டிக்கு மக்னீற்றோ, பற்றரி இல்லாமலே தீப்பொறி வரும். சிரிஞ்சில் நாலு துளி பெற்றோல் விட்டு எஞ்சினை எழுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டுவார். பின்னால் போகிறவனுக்கு ஒரு கிழமைக்கு மூக்கு எரியும்.

அவருக்குப் பிறகு வண்டி என்னிடம் வந்தது. 2022இல் எரிபொருள் நெருக்கடி. கியூ.ஆர் அட்டைக்கு மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர்தான். அந்த 4 லீற்றரை வீட்டில் இருந்த சின்ன வண்டி குடித்தது. பி.எஸ்.ஏ ராங்க்கில் மிச்சப் பெற்றோலோடு மாதக்கணக்காக நின்றது. திரும்ப எடுத்தபோதுதான் மேலே சொன்ன கூத்தெல்லாம் தொடங்கியது. காபரேற்றர் போய்விட்டது, புதுசு வாங்கவேண்டும் என்று நானே முடிவு கட்டினேன். முடிவு சரிதான். ஆனால் அதற்குச் சொன்ன காரணமும், அதை நோக்கிப் போன வழியும் பிழை. அந்த வழியில் ஒன்றரை வருடமும் கொஞ்சம் பணமும் போயின.

சுன்னாகத்தில் ஒரு மெக்கானிக் ஐயா இருக்கிறார். கராச் மூடி பல வருடம், ஆனால் வீட்டு முற்றத்தில் வைத்துப் பழைய பிரிட்டிஷ் வண்டிகள் மட்டும் பார்ப்பார். வண்டியைத் தள்ளிக்கொண்டு படலைக்குள் நுழையும்போதே கேட்டார்.

"உது சேவையர் ஐயாவின்ர வண்டியெல்லே?"

"ஓம் ஐயா. காபரேற்றர் மாத்தவேணும்."

"ஆர் சொன்னது? மக்னீற்றோவைப் பாத்தனீரோ? வால்வு இடைவெளி பாத்தனீரோ? வண்டி நிண்டால் எல்லாரும் முதல்ல காபரேற்றரைத்தான் அடிக்கிறது."

பிளக் இரண்டையும் கழற்றச் சொன்னார். இரண்டும் ஒரே மாதிரிக் கறுப்பு. "ஒண்டு கறுப்பு, மற்றது வெள்ளை எண்டால் காபரேற்றரில பிழையில்லை. இரண்டு சிலிண்டருக்கும் ஒண்டுதானே சாப்பாடு போடுது. இது இரண்டும் ஒரே நிறம், சரி, இனி அதைப் பாப்பம்" என்றார். ஒற்றைக் காபரேற்றர் இரட்டைச் சிலிண்டர் வைத்திருப்பவர்களுக்கு இதைவிட மலிவான சோதனை இல்லை. நான் அதுவரை பிளக்கைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டிருக்கிறேனே தவிர, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை.

பிறகு எஞ்சின் ஓயில் தொட்ட ஒரு கோழியிறகை எடுத்தார். எஞ்சினை ஓட விட்டு, காபரேற்றரும் சிலிண்டர் தலையும் சேரும் இடத்தைச் சுற்றி மெதுவாகத் தடவினார். மேல் பக்கத்தில் இறகு பட்டதும் எஞ்சின் சத்தம் மாறியது. ஓயில் அந்த வெடிப்பை ஒரு நொடி அடைத்தது, உடனே எஞ்சின் ஒழுங்காக ஓடியது, ஓயிலை உறிஞ்சி முடித்ததும் பழைய கூத்து. "காத்து இழுக்குது" என்றார். சிலர் இதற்குப் பெற்றோலையே தெளிப்பார்கள். சூடான எஞ்சினில் அந்த விளையாட்டு வேண்டாம்.

காபரேற்றரைக் கழற்றி, எஞ்சினோடு பூட்டுகிற தட்டையான பிளாஞ்ச்சை ஒரு கண்ணாடித் துண்டின் மேல் வைத்தார். நட்டுப் போடுகிற இரண்டு காதும் கண்ணாடியில் தொட்டன, நடுப்பகுதி மேலே நின்றது. வாழைப்பழம் மாதிரி வளைந்திருந்தது. இந்த வண்டியில் இருப்பது அமல் என்ற ஆங்கிலக் கம்பனியின் காபரேற்றர், அவற்றின் உடல் துத்தநாகக் கலப்பு உலோகம், மென்மையானது. அறுபது வருடமாக ஆளாளுக்கு நட்டை இறுக்கினால் காதுகள் எஞ்சின் பக்கம் மடிந்துவிடும், நடுவில் காற்றுக்கு வழி பிறக்கும். காற்றுப் போகிறதென்று இன்னும் இறுக்குவோம், இன்னும் வளையும். கண்ணாடியில் எமரித் தாளை ஒட்டி, எட்டு வடிவில் தேய்த்துத் தேய்த்து அதைச் சமப்படுத்த ஒரு மணி நேரம் ஆனது. அது மட்டுமே பிழையென்றால் இந்தக் கட்டுரை இங்கேயே முடிந்திருக்கும்.

முறுக்கும்போது மேலேறிக் காற்றுக்கு வழி விடுகிற உருளைதான் ஸ்லைட். அதை அதன் துளைக்குள் விட்டு விரலால் ஆட்டிப் பார்க்கச் சொன்னார். டக் டக் என்று சத்தம் கேட்டது. 0.010 அங்குல இடைவெளித் தகடு தாராளமாக நுழைந்தது. ஸ்லைட்டும் அதே மென்மையான உலோகம், உடலும் அதே. ஒன்றையொன்று தின்னும். அதற்கு மேல் எங்கள் தூசி. பழைய காற்று வடிகட்டி எந்தக் காலத்திலோ தொலைந்துபோய், வெறும் வாயோடு ஓடிய வண்டி இது. சோழகம் வீசுகிற மாதங்களில் வடமராட்சிப் பக்கம் போய் வந்தால் காதுக்குள் மணல் இருக்கும். காபரேற்றருக்குள் இராதா? ஸ்லைட்டில் மேலிருந்து கீழாக நேர் நேராகக் கீறல்கள். வடிகட்டி இல்லாமல் ஓட்டினால் "மூச்சு நல்லா விடும்" என்று சொல்கிற இளசுகளுக்கு அந்த ஸ்லைட்டைக் காட்டுவேன்.

இந்த நிலையில் ஜெற்றை, அதாவது பெற்றோலை அளந்து விடுகிற சின்னத் துளையை, திருகிப் பயனில்லை. ஸ்லைட்டைச் சுற்றிப் போகிற காற்றை எந்த ஸ்குரூவாலும் அடக்க முடியாது. மாற்றத்தான் வேண்டும். எதை வைத்து மாற்றுவது என்பதில்தான் கதை.

முதலில் லேத்துக்குப் போனேன். புதுக் காபரேற்றரின் விலையைக் கேட்டவன் எவனும் முதலில் லேத்துக்குத்தான் போவான். பித்தளையில் கொஞ்சம் பெரிதாக ஒரு ஸ்லைட் கடைந்து தரச் சொன்னேன். கடைந்தவர் கைகாரர், நான் கேட்டதை அப்படியே செய்து தந்தார். கேட்டதுதான் பிழை. துளை எல்லா இடமும் ஒரே அளவாகத் தேய்வதில்லை. ஸ்லைட் அதிக நேரம் நிற்கிற கீழ்ப் பகுதிதான் தேய்ந்து முட்டை வடிவமாகும். மேல் பகுதி கிட்டத்தட்டப் புதுசு மாதிரியே இருக்கும். கீழே இறுக்கமாக இருக்கும்படி கடைந்த ஸ்லைட், கோண்டாவில் பஸ் டிப்போவுக்கு முன்னால் நான் முழுதாக முறுக்கியபோது மேலே போய் இறுகிக்கொண்டது. இறங்கவில்லை. மக்னீற்றோவை நிறுத்துகிற பொத்தான் வேலை செய்ததால் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். முறையாகச் செய்வதென்றால் உடலின் துளையை மேலிருந்து கீழ்வரை ஒரே வட்டமாகக் கடைந்து, ஸ்லைட்டுக்கு மெல்லிய உறை போட்டு, அந்த அளவுக்குப் பொருத்தவேண்டும். இங்கிலாந்தில் இதை ஒரு தொழிலாகவே செய்கிறார்கள். மூல உடலை விட மனமில்லாதவர்களுக்கு அது நல்ல வழி.

அடுத்தது மலிவுப் பிரதி. பார்த்தால் என் வண்டியில் இருந்த அதே அமல் மொனோபிளொக் மாதிரி. பெயர் இல்லை, ஆனால் உருவம் அச்சொட்டு. இணையத்தில் எடுத்தேன், விற்றவர் யார் என்பது இங்கே தேவையில்லை. கையில் எடுத்ததும் சந்தேகம் வந்திருக்கவேண்டும். உள்வழிகளில் வார்ப்பு மண்ணும் உலோகச் சுருளும் அப்படியே இருந்தன. ஸ்குரூக்களின் புரி மெற்றிக், பழைய ஸ்குரூ ஒன்றும் ஏறவில்லை. இருந்தும் கழுவி, ஊதி, பூட்டினேன். வண்டி எடுத்தது. நன்றாகவே ஓடியது. சந்தோஷத்தில் அன்றிரவு பெற்றோல் ராப்பைப் பூட்ட மறந்துபோனேன். விறாந்தையில் வண்டி. விடிகாலையில் மனைவி சாமி விளக்கு ஏற்ற நெருப்புப்பெட்டியை எடுத்தவர், பாதியில் நின்று கூப்பிட்டார்.

"இஞ்சருங்கோ, இது என்ன மணம்?"

சீமெந்துத் தரையில் ஒரு பாய் அளவுக்கு ஈரம். புளோட் ஊசி அதன் இருக்கையில் சரியாக உட்காராமல் ராவிரவாக ஒழுகியிருக்கிறது. ராப்பைப் பூட்டாதது என் பிழை. ஆனால் ராப் திறந்திருந்தாலும் பெற்றோலைத் தடுப்பதற்குத்தானே அந்த ஊசி இருக்கிறது. அன்றோடு வண்டி விறாந்தையில் இருந்து கொட்டிலுக்குப் போனது, பிரதி பழைய இரும்புக்காரனுக்குப் போனது. எந்தக் காபரேற்றர் வாங்கினாலும், வண்டியில் பூட்டமுன் ஒரு சின்னப் போத்தலில் இருந்து குழாய் விட்டுப் பெற்றோல் நிரப்பி, கீழே காகிதம் விரித்து அரை மணி நேரம் வெளியில் வைத்துப் பாருங்கள். காகிதம் காய்ந்திருந்தால் பூட்டலாம்.

ஜப்பான் காபரேற்றரான மிக்குனி பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. வவுனியாவில் ஒரு நண்பர் தன் டிரையம்ப்பில் மிக்குனி வி.எம் போட்டிருக்கிறார். பொறாமையாக இருக்கும். காலையில் ஒரு உதை, கேற்றில் நின்றால் கடிகாரம் மாதிரி டிக் டிக். ஸ்லைட் நீண்ட காலம் தேயாது. தினம் வேலைக்குப் போகிற வண்டி, அழகுப் போட்டிக்குப் போகிற எண்ணம் இல்லை என்றால் மிக்குனிதான் புத்தி. ஆனால் அது வெறும் காபரேற்றராக வருவதில்லை. பிளாஞ்ச்சுக்குப் பதில் குழாய் வாய், ஆகவே இடையில் ரப்பர் இணைப்பு வேண்டும். கேபிளின் நீளமும் முனையும் வேறு, புதுக் கேபிள் கட்டவேண்டும். பின்பக்க நீளம் கூட, காற்று வடிகட்டிக்கு இடம் போதாது. அமலில் பொத்தானை அமத்திப் பெற்றோலைப் பொங்க விடுகிற பழக்கம் கையில் ஊறியவனுக்கு அங்கே சின்ன நெம்புகோல்.

ஜெற் எண்ணிலும் ஒரு பொறி இருக்கிறது. அமல் மெயின் ஜெற்றில் இருக்கிற எண், ஒரு நிமிடத்தில் எத்தனை சி.சி. பாயும் என்ற கணக்கு. மிக்குனியில் ஒரு வகை ஜெற்றுக்குப் பாய்ச்சல் கணக்கு, இன்னொரு வகைக்குத் துளையின் விட்டம். ஆகவே அதில் 250 என்றால் இதிலும் 250 என்று போட்டவன் பிளக்கைச் சுட்டுப் பார்ப்பான். நண்பருக்குச் சரியான ஜெற்றும், ஸ்லைட்டில் தொங்கிப் பெற்றோலை அளக்கிற நீடிலும் பிடிபட எட்டு மாதம். அவர் அதை ரசித்துச் செய்தார். எனக்கு அந்தப் பொறுமை இல்லை. கொழும்பில் பழைய உதிரிப்பாகம் விற்கிற பஞ்சிகாவத்தையில் நான் பொறுக்கி வந்த மிக்குனி வேறொரு ஒற்றைச் சிலிண்டர் வண்டியில் இருந்து கழற்றியது, அதன் நீடில் யாருக்காக வெட்டியது என்று எனக்குத் தெரியாது. மூன்று ஞாயிற்றுக்கிழமைகளோடு விட்டுவிட்டேன். அளவு அறியாத பழைய மிக்குனியைவிட, உங்கள் வண்டிக்கென்று ஜெற் போட்டு, இணைப்பு ரப்பரோடும் கேபிளோடும் பெட்டியில் வருகிற மிக்குனி விலை கூடினாலும் மலிவு.

இதற்கிடையில் ஒருவர், "பெரிசாப் போடுங்கோ அண்ணை, இழுவை கூடும்" என்றார். கோல்டன் ஃபிளாஷின் காபரேற்றர் வாய் 1 1/16 அங்குலம், அதாவது 27 மில்லிமீற்றர். அதற்கு 32 போட்டால் மெதுவாக ஓடும்போது காற்றின் வேகம் குறையும், பெற்றோல் ஒழுங்காகத் தூள் ஆகாது, சந்திக்குச் சந்தி இருமும். தலையிலுள்ள துளை பழைய அளவிலேயே இருக்க, இடையில் ஒரு படி விழும். ரேஸ் ஓடுகிறவன் அந்த நட்டத்தைத் தாங்குவான். திருநெல்வேலிச் சந்தைக்கு மரக்கறி வாங்கப் போகிற நான் ஏன் தாங்கவேண்டும்?

கொன்சென்ட்ரிக் பற்றியும் யோசித்தேன். மொனோபிளொக்குக்குப் பதிலாக அமல் 1967இல் கொண்டுவந்தது அது. மொனோபிளொக்கில் புளோட் அறை பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும். கொன்சென்ட்ரிக்கில் ஜெற்றுக்கு நேர் கீழே. எண்ணைப் பார்த்தே அளவு சொல்லலாம்: 6இல் தொடங்கினால் சின்ன உடல், 22 முதல் 27 மில்லிமீற்றர் வரை. 9இல் தொடங்கினால் பெரிய உடல், 28 முதல் 32 வரை. 626 என்றால் சின்ன உடல், 26 மில்லிமீற்றர். 930 என்றால் பெரிய உடல், 30. பழைய மார்க் 1 கொன்சென்ட்ரிக் பலவற்றில், மெதுவாக ஓடும்போது பெற்றோல் கொடுக்கிற பைலற் ஜெற் உள்ளுக்குள் அடித்து இறுக்கியது, கழறாது. வண்டி நின்று பெற்றோல் காய்ந்து பிசின் பிடித்தால், மயிரளவு துளையை மெல்லிய கம்பி விட்டுத் தேடவேண்டும். இப்போது பிரீமியர் என்று வருவதில் அந்த ஜெற் கழறும், ஸ்லைட் கடினப்பூச்சு ஏற்றிய அலுமினியம், தேய்வு மிகக் குறைவு. என் வண்டி 1967க்குப் பிந்தியதாக இருந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு பிரீமியர்தான். இரட்டைக் காபரேற்றர் வண்டிக்காரர்களுக்கு ஒரு சொல்: இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். ஒன்று புதுசு, ஒன்று தேய்ந்தது என்றால் இரண்டையும் ஒரே தாளத்துக்குக் கொண்டுவரவே முடியாது.

கடைசியில் நான் எடுத்தது புது மொனோபிளொக் 376. அமல் என்ற பெயர் இங்கே குருநகர், பாசையூர்ப் பக்கம் வீட்டுக்கு ஒருவருக்கு இருக்கும். காபரேற்றர் அமல் வேறு கதை, 1927இல் மூன்று ஆங்கிலக் கம்பனிகள் சேர்ந்து பிறந்தது. இப்போது இங்கிலாந்தில் சால்ஸ்பரியில் இருக்கிற பர்லன் நிறுவனம் அதே பெயரில் செய்கிறது. நான் அதைத் தேர்ந்ததற்குக் காரணம் தேசப்பற்று மாதிரிப் பி.எஸ்.ஏ பற்று ஒன்றும் இல்லை. வண்டியின் மாதிரி, ஆண்டு, பழைய உடலில் அடித்திருக்கிற 376க்குப் பிறகு வரும் எண், இந்த மூன்றையும் சொன்னால் அந்த வண்டிக்குரிய ஜெற், நீடில், ஸ்லைட் எல்லாம் போட்டே தருவார்கள். 1950களில் பி.எஸ்.ஏ பொறியியலாளர்கள் செய்து முடித்த வேலையை நான் சங்குப்பிட்டி வெயிலில் திரும்பச் செய்யத் தேவையில்லை. போல்ற், கேபிள், வடிகட்டி எல்லாம் பழைய இடத்திலேயே பொருந்தும். பிரதியின் விலை, லேத் கூலி, பஞ்சிகாவத்தைப் பயணம் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தேன். மனைவியிடம் சொல்லவில்லை.

எண்ணைப் படிப்பதே ஒரு வேலை. பழைய உடலில் அழுக்கும் அரிப்பும் சேர்ந்து 3ஐயும் 8ஐயும் ஒன்றாக்கியிருந்தன. பல் துலக்குகிற பழைய பிரஷால் மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்து, மேலே சோக்கட்டியைப் பூசித் துடைத்தால் பள்ளத்துக்குள் வெள்ளை நின்று எண் தெரியும். ஆனால் அந்த எண்ணை மட்டும் நம்பவேண்டாம். அறுபது வருடத்தில் யாராவது வேறொரு வண்டியின் காபரேற்றரைப் பூட்டியிருக்கலாம். வண்டியின் மாதிரியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வாங்குவதில் எங்களுக்கு ஒரு வசதி உண்டு, லண்டனில் ஆள் இல்லாத யாழ்ப்பாணத்து வீடு குறைவு. தபாலில் எடுத்தால் பொருளின் விலையோடு அனுப்புசெலவையும் சேர்த்துத்தான் சுங்கம் வரி போடும். மச்சான் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தபோது சொக்லேட்டுகளுக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்தார். புதுசு என்பதால் பிரச்சினை வரவில்லை. பெற்றோல் மணக்கிற பழைய காபரேற்றரை விமானத்தில் கொண்டுவரச் சொல்லி யாரையும் மாட்டிவிடாதீர்கள்.

பூட்ட முன் ராங்க். உள்ளே துரு. புதுக் காபரேற்றரின் பைலற் ஜெற்றை ஒரே நாளில் அடைக்கப் போதுமான துரு. வினாகிரி ஊற்றி இரண்டு நாள் ஊற விட்டு, சின்னச் சங்கிலி ஒன்றைப் போட்டுக் குலுக்கி, கழுவி, உடனே காயவைத்து, குழாயில் ஒரு வடிகட்டியும் போட்டேன். மணம் ஒரு மாதம் போகவில்லை, கொட்டிலுக்குள் யாரோ அச்சாறு போட்ட மாதிரி. பிறகு காபரேற்றருக்கும் தலைக்கும் இடையில் பேக்கலைட் தட்டு. பழையதை யாரோ எறிந்துவிட்டு வெறும் கடதாசி வோஷர் போட்டிருந்தார்கள். அது வெறும் இடைவெளித் தட்டு என்று நினைத்திருப்பார்கள். எஞ்சின் சூடு காபரேற்றருக்கு ஏறாமல் தடுப்பது அதன் வேலை. 33, 34 பாகையில் கேற்றில் நிற்கும்போது காபரேற்றருக்குள் பெற்றோல் கொதித்துக் குமிழி விடுவதற்கு அந்தத் தட்டு இல்லாததும் ஒரு காரணம். நட்டுகளை ஒன்று மாறி ஒன்று, கால் திருகு கால் திருகாக. மெக்கானிக் ஐயா சாவியை என் கையில் இருந்து வாங்கி, நுனியில் பிடிக்காமல் நடுவில் பிடித்து இறுக்கிக் காட்டினார். "இவ்வளவுதான். இதுக்கு மேல இறுக்கினால் திரும்ப வாழைப்பழம்."

சரிபார்க்க விடியற்காலை ஐந்தரைக்குப் பூநகரி வீதிக்குப் போனேன். சங்குப்பிட்டிப் பாலம் தாண்டினால் நேர் வீதி, இரண்டு பக்கமும் வெளி, வாகனம் குறைவு. முறுக்குப்பிடியில் வெள்ளைப் பிளாஸ்ரர் ஒட்டி எட்டிலொன்று, கால், முக்கால் என்று பேனாவால் கோடு போட்டிருந்தேன். முதலில் மெயின் ஜெற்: முக்காலுக்கு மேலே முறுக்கிக் கொஞ்சத் தூரம் ஓட்டி, கிளச்சைப் பிடித்து அப்படியே எஞ்சினை நிறுத்தி, பிளக்கைக் கழற்றிப் பார்க்கவேண்டும். நடுவில் பால் தேத்தண்ணி நிறம் இருந்தால் நல்லது. கரி பிடித்தால் பெற்றோல் கூட, வெளிறினால் குறைவு. அடுத்துப் பைலற், எட்டிலொன்றுக்குக் கீழே. பிறகு ஸ்லைட்டின் வெட்டு, எட்டிலொன்றில் இருந்து கால் வரை. பிறகு நீடில், காலில் இருந்து முக்கால் வரை. கடைசியில் திரும்பப் பைலற். இந்த வரிசையைக் குழப்பினால் ஒன்றைத் திருத்த மற்றது குழம்பும். இன்னொன்று, மொனோபிளொக்கின் பைலற் ஸ்குரூ காற்றைக் கட்டுப்படுத்துவது. உள்ளே திருகினால் காற்றுக் குறைந்து பெற்றோல் செறிவு கூடும். புது ஜப்பான் வண்டிகள் பலவற்றில் நேர்மாறு. அந்தப் பழக்கத்தில் வருகிறவர்கள் இங்கே தலைகீழாகத் திருகிக்கொண்டு நிற்பார்கள்.

நான் திருத்தியது பைலற் ஸ்குரூவில் அரைத் திருகு மட்டும். மற்றதெல்லாம் வந்தபடியே சரி. ஏழு மணிக்குப் பாலத்தடியில் நிறுத்தி, தேத்தண்ணி குடிக்கும்வரை எஞ்சினை ஓட விட்டேன். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. பழைய காபரேற்றர் காற்றை இழுத்தது, அப்படியானால் பிளக் வெளிறியிருக்கவேண்டும். ஏன் கறுப்பு? புதியதோடு ஒப்பிட்டுப் பார்ப்போம் என்று பழையதைக் கழற்றினேன். பழைய மெயின் ஜெற்றிலும் 250, புதியதிலும் 250. இரண்டையும் விரல் நுனியில் வைத்து வானத்துக்கு நேரே பிடித்தேன். புதியதில் ஊசிமுனை வெளிச்சம். பழையதில் அதைவிடப் பெரிதாக, ஒரு பக்கம் இழுபட்ட வெளிச்சம். பூதக்கண்ணாடியில் துளையின் விளிம்பில் அராவிய தடம் தெரிந்தது. எண் 250, துளை வேறென்னவோ. இரண்டு பிழை ஒன்றையொன்று மூடிக்கொண்டு ஓடியிருக்கின்றன. இத்தனை நாளும் நான் 250 என்று நம்பி மற்றதையெல்லாம் திருகிக்கொண்டிருந்தேன். அடித்திருக்கிற எண், ஜெற் தொழிற்சாலையை விட்டு வெளிக்கிட்ட நாளின் எண். அதற்குப் பிறகு யார் கைபட்டது என்பதை அது சொல்லாது.

அடுத்த முறை சுன்னாகம் போனபோது ஜெற்றை நெருப்புப்பெட்டிக்குள் போட்டுக் கொண்டுபோய்க் காட்டினேன். ஐயா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, வெறுங்கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். கனநேரம் பார்த்தார்.

"உது நான் செய்ததாத்தான் இருக்கும்."

"நீங்களோ?"

"தொண்ணூத்திரண்டோ மூண்டோ. மண்ணெண்ணெய் தடிப்பு, பெற்றோல் ஜெற்றுக்குள்ளால காணாது. சைக்கிள் கம்பியைத் தீட்டித் தீட்டிப் பெருப்பிச்சனான். எத்தினை வண்டிக்குச் செய்திருப்பன். பிறகு பெற்றோல் வந்த உடன மாத்தச் சொன்னனான். ஒருத்தரும் மாத்த வரேல்லை."

"அப்ப காசு எவ்வளவு வாங்கினீங்கள்?"

ஜெற்றை நெருப்புப்பெட்டிக்குள் போட்டு மூடித் தன் சேட்டுப் பைக்குள் வைத்தார்.

"உம்மட பெரியப்பா அரைப் போத்தல் பெற்றோல் தந்தவர்."